மாடியா, முற்றமா, பழைய சுவரா: ஊருக்கு எதைக் கட்டுவது?

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள வீட்டில், எங்கள் ஊர்க்காரர் இருபத்திரண்டு பேர் கூடினோம். வன்னியில், ஏ9 வீதியில் இருந்து சில கட்டை உள்ளே தள்ளியிருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. ஒரு சந்தி, ஒரு பாடசாலை, ஒரு சந்தை, சுற்றிவரக் குளமும் வயலும். அந்த ஊருக்கு நூலகம், பொதுநோக்கு மண்டபம், பிரதேச சபை உப அலுவலகம், தாய் சேய் கிளினிக் நடத்த ஓர் இடம், பஸ்ஸுக்கு நிற்க நிழல், ஒழுங்கான மலசலகூடம் எல்லாம் தேவை. கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊரவர்கள் பணம் தரத் தயார். எதைக் கட்டுவது என்பதில்தான் இழுபறி. மேசையில் நாலு வரைபடங்கள் விரித்துக் கிடந்தன. இரண்டு தரம் தேத்தண்ணீர் வந்துபோன பிறகும் முடிவு வரவில்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வடக்கில் உள்ளூராட்சி மன்றங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்தவன். இப்போது மகளோடு கொழும்பில் இருக்கிறேன். அன்றைக்குச் சொல்லி முடிக்காமல் போனதை இங்கே எழுதுகிறேன். இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும் வேறு ஊர்ச் சங்கங்களுக்கும் உதவக்கூடும்.

முதலில் பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பல வருடங்களுக்கு முன் நானே நின்று மேற்பார்வை செய்து கட்டிய வாசிகசாலை. ஊர்ப் பெயர் வேண்டாம். மதிப்பீட்டுக்குள் வேலையை முடித்தோம், கலவையில் குறை வைக்கவில்லை, திறப்பு விழாவுக்கு மேளம் எல்லாம் வந்தது. மூன்று வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். கிறில் கதவில் ஆமைப்பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. விழாவில் வெட்டிய சிவப்பு ரிபனின் ஒரு துண்டு வெளிறிப்போய் இன்னும் கம்பியில் கட்டியபடி இருந்தது. யன்னலால் பார்த்தால் பிளாஸ்ரிக் கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன, மேல் கதிரை முழுக்கப் புறா எச்சம். திறப்பு யாரிடம் என்று கேட்டேன். முன்கடைக்காரர் ஒருவரைச் சொன்னார், அவர் இன்னொருவரைச் சொன்னார். கட்டடத்தில் ஒரு பிழையும் இல்லை. அதைத் தினமும் திறக்கும் ஆளுக்கு ஆளணி அனுமதி, அதாவது சம்பளத்துக்கு ஒருவரை நியமிக்கும் அனுமதி, எடுக்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, திறப்பு விழாவுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குத் திறப்பு யார் கையில் இருக்கும் என்பதுதான். நாலு யோசனைகளையும் அந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

நாலில் ஒன்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு காணியில் தனித்தனிக் கட்டடம் என்ற யோசனை அது. காணி தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், தங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஏதாவது வரவேண்டும் என்ற ஆசையும் நியாயமானது. ஆனால் நாலு கட்டடம் என்றால் நாலு மின் இணைப்பு, நாலு கிணறு, நாலு இடத்தில் மலசலகூடம், நாலு காவலாளி. கிளினிக்குக்குப் பிள்ளையோடு வரும் தாய் போகிற வழியில் நூலகத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கும் வாய்ப்பும் இல்லாமல் போகும். எங்கள் அளவு ஊருக்கு இது தாங்காது. அதோடு, தனியார் பெயரில் இருக்கும் காணியில் கட்டிவிட்டு, பிரதேச சபை அதற்குச் சம்பளத்துக்கு ஆள் போடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டு மாடிக் கட்டடத்துக்குத்தான் கூட்டத்தில் ஆதரவு அதிகம். சந்தியில், வீதியைப் பார்த்தபடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கீழே உப அலுவலகமும் கிளினிக்கும், மேலே நூலகமும் மண்டபமும். வரைந்த பிள்ளை கொழும்பில் படித்தவன், கெட்டிக்காரன், கை சுத்தம். படத்தைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. முப்பது வருடப் போரில் எல்லாம் இடிந்துபோன ஊருக்கு உயரமாக ஒன்று எழும்ப வேண்டும் என்று இளம் ஆட்கள் கேட்பதில் என்ன பிழை? வெள்ளம் வந்தால் மேல்மாடி காப்பாற்றும் என்றும் சொன்னார்கள். அதுவும் உண்மை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் கிடந்தபோது எங்கள் சனம் பாடசாலை வகுப்பறைகளில்தான் படுத்தது.

சரி, இனி அதன் மறுபக்கம். எங்கள் ஊரில் போரில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லி யாருக்கும் தெரியவேண்டியதில்லை. நூலகத்தை மேலே கொண்டுபோய் வைத்தால் அவர்கள் எப்படிப் போவார்கள்? மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் 2006இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடத்துக்கு இதைக் கட்டாயமாக்குகின்றன. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தில் ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். ஒரு மாடி 11 அடி உயரம் என்றால் 132 அடி நீளச் சாய்தளம், நடுவில் மூச்சுவிடத் தட்டையான இடங்கள் வேறு. சந்திக் காணியின் நீளமே அவ்வளவு இல்லை. லிப்ட் போடலாம் என்றார் ஒருவர். லிப்ட்டைப் பராமரிக்க எங்கிருந்து ஆள் வருவார், மாதாமாதம் யார் காசு கட்டுவார்? 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாங்கள் எல்லோரும் அனுபவித்தோம். அப்படி ஒரு நாளில் குளிரூட்டியை நம்பிக் கட்டிய கண்ணாடி மண்டபத்துக்குள் யாரும் அரை மணித்தியாலம் இருக்க முடியாது.

அந்தக் கண்ணாடி மேற்கைப் பார்க்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கொழும்பில் மரைன் டிரைவ் ஓரத்து மாடிகளுக்கு மேற்கில் கடல், பின்னேரம் காற்று அள்ளிக்கொண்டு வரும். நாங்கள் தினமும் பார்ப்பது அந்த மாடிகளைத்தான், அதனால் கைக்கு அதுவே வருகிறது. வன்னியில் மேற்குப் பக்கம் பின்னேர வெயிலும் புழுதியும்தான். ஒன்பது பாகை அகலாங்கில் இருக்கும் எங்கள் மண்ணில் நடுப்பகல் வெயிலைக் கூரை தாங்கிக்கொள்ளும். சரிவாக வரும் காலை வெயிலும் பின்னேர வெயிலும்தான் சுவரைச் சுடவைக்கும். ஆகவே கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, யன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் இருக்கவேண்டும். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை வீசும் சோளகம் தென்மேற்கால் உள்ளே வந்து குறுக்கே வெளியேற வழி வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு வரும் மழைக்கு வடகிழக்குப் பக்கம் தாழ்வாரம் அகலமாக இறங்கவேண்டும். இதை எந்தப் பழைய மேசனும் சொல்லுவார்.

புத்தகத்தின் பாரத்தை அந்தப் படம் கணக்கில் எடுத்ததாகவும் தெரியவில்லை. தட்டு நிறையப் புத்தகம் அடுக்கும் அறைக்கு, கதிரை மேசை போட்ட வாசிப்பறையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பாரம் எடுத்துத்தான் தளத்தை வடிவமைப்பார்கள். அதை மேல்மாடியில் வைத்தால் தூண், வளை, அத்திவாரம் எல்லாம் தடிக்கும், கம்பியும் சீமெந்தும் ஏறும். 2022இல் ஒரு பை சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டியபோது எத்தனை வேலைகள் பாதியில் நின்றன என்று எனக்குத் தெரியும். மாடிக் கட்டடம் பாதியில் நின்றால் அது ஒன்றுக்கும் உதவாது. தூண் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு, மழை பட்டுத் துரு ஒழுகிக்கொண்டு நிற்கும். ஏ9 வீதியால் போகிறவர்கள் அப்படி எத்தனை பார்த்திருப்பார்கள்.

ஒரு அண்ணை கொழும்புத் தமிழ்ச் சங்கத்தைக் காட்டினார். 1942இல் தொடங்கிய சங்கம், வெள்ளவத்தையில் ஒரே கூரையின் கீழ் நூலகமும் மண்டபங்களும் வைத்து நடத்துகிறதே என்றார். நானும் அங்கே போகிறவன்தான், அந்த நூலகம் எனக்கு இரண்டாவது வீடு. ஆனால் அங்கே வாசலைத் தாண்டிப் போகிற சனம் எவ்வளவு, மண்டபம் எடுக்கிற ஆட்கள் எவ்வளவு? எங்கள் ஊரில் மண்டபம் மாதத்தில் சில நாள்தான் எடுபடும். மற்ற நாட்களில் அது சும்மா கிடக்கும் அறையாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் அங்கே பிரச்சினை.

மூன்றாவது யோசனை எனக்குப் பிடித்தது, மறைக்கவில்லை. சந்தைக்குப் பக்கத்தில் பிரதேச சபைப் பெயரில் ஒன்றரை ஏக்கர் காணி இருக்கிறது. அதில் எல்லாவற்றையும் நிலமட்டத்தில், ஒரு முற்றத்தைச் சுற்றி, ஒரே தாழ்வாரத்தால் இணைத்துக் கட்டுவது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாலு பக்கமும் அறை, நடுவில் வானம், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் காசு இல்லை. பொதுக் கட்டடம் என்று பேச்செடுத்தால் எங்களிடம் அதைவிட நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. பருத்தித்துறையில் தும்பளைப் பக்கம் இருக்கிற தெருமூடி மடத்தைப் பாருங்கள். வீதி நடுவால் போகிறது, மேலே கூரை, இரண்டு பக்கமும் கல்தூணும் திண்ணையும். வெயிலுக்கும் மழைக்கும் யாரும் ஒதுங்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த மடத்தைப் பூட்டுவதற்குக் கதவே கிடையாது. தன் வீட்டு வாசலில் வழிப்போக்கனுக்காகக் கூரை போட்ட சங்கடப் படலை வைத்து, பானையில் தண்ணீரும் வைத்த சனம் நாங்கள். அந்தப் படலையின் பெரிய வடிவம்தான் நான் கேட்கிற தாழ்வாரம். அலுவலகம் நாலேகாலுக்கு மூடலாம், நூலகம் ஆறு மணிக்கு மூடலாம், தாழ்வாரம் எப்போதும் திறந்தே இருக்கும்.

போன ஆவணியில் ஊருக்குப் போனபோது சந்தையில் மரக்கறி விற்கும் ஒரு அக்காவிடம் எங்கள் திட்டத்தைச் சொன்னேன். அவர் வெண்டிக்காயை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டே, “தம்பி, கட்டடம் வரேக்க வரட்டும். பின்னேர பஸ் வருமட்டும் மழைக்கு ஒதுங்க ஒரு தாழ்வாரமும், உள்ளால பூட்டக்கூடிய கக்கூசும் தாங்கோ” என்றார். காலை நாலரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டு மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் அந்தச் சந்தையில் இருக்கிறார்கள். காரணம் அந்தக் கக்கூசுதான். வெள்ளவத்தை மேசையில் நாலு படங்களையும் விரித்தபோது மலசலகூடம் எங்கே என்று நான் தேடினேன். மூன்று படங்களில் அது பின்மூலையில், மதிலோரம், இருட்டில் இருந்தது. அது தாழ்வாரத்தோடு, சந்தைப் பக்க வாசலில், வெளிச்சத்தில் வரவேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவான வாங்கும் பக்கத்திலேயே.

முற்றக் கட்டடத்துக்கும் குறைகள் உண்டு. ஓட்டுக் கூரை என்றால் குரங்கு. வன்னியில் குரங்கு ஓட்டைக் கழற்றி எறிவதைப் பற்றி கொழும்பில் சொன்னால் சிரிப்பார்கள். ஊரில் அது வருடா வருடம் வரும் செலவு, ஒழுகி நனைவது புத்தகம். இதற்குக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அந்தக் காலத்திலேயே ஒரு வழி காட்டியிருக்கிறார். கீழே நெளிதகடு, அதன் நெளிவுகளுக்கு மேல் அரைவட்ட ஓடு. ஓடு உடைந்தாலும் தகடு மழையைத் தடுக்கும், தகட்டின் சூட்டை ஓடு தடுக்கும். அப்போது பாவித்த அஸ்பெஸ்ரோஸ் வேண்டாம், இப்போது வேறு தகடுகள் கிடைக்கின்றன. செலவு கொஞ்சம் கூடும், கூடட்டும். இரண்டாவது குறை முற்றத்துத் தண்ணீர். வாட்டம் சரியாக எடுக்காவிட்டால் தேங்கும், நுளம்பு வரும், டெங்கு வரும். வடிகாலை வரைபடத்தில் ஒரு கோடாகப் போட்டால் போதாது, மட்டம் எடுத்து அடி அங்குலத்தில் எழுதவேண்டும். மூன்றாவது, நிலமட்டத்தில் பரவிக் கட்டும்போது அத்திவாரமும் கூரையும் நீளும். சதுர அடிக் கணக்கைத் தனியே பார்த்தால் மாடிதான் மலிவாகத் தெரியும். படிக்கட்டுக்கும் லிப்ட்டுக்கும் போகும் இடத்தையும் காசையும் கணக்கில் எடுத்தால் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும்.

வெள்ளத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். சந்தைக்கு மறுபக்கம் நிற்கும் பழைய கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் சுவரில் 2018 வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறது. மண்ணிறக் கோடு, ஒரு பக்கச் சுவர் முழுக்க நூல் பிடித்ததுபோல் நேராகப் போகிறது. ரேப் வைத்து அளந்தேன், தரையில் இருந்து 17 அங்குலம். காணி இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். தளத்தை இரண்டரை அடி உயர்த்தினால் 13 அங்குலம் மிச்சம் இருக்கும். இரண்டரை அடி ஏற 30 அடிச் சாய்தளம் போதும், முற்றத்தின் ஓரமாகவே போய்விடும். மண்டபத்தை மட்டும் இன்னும் ஓர் அடி உயர்த்தி, சமையலறையும் மலசலகூடமும் ஒட்டினாற்போல் வைத்தால், அடுத்த வெள்ளத்துக்குச் சனம் அங்கே தங்கலாம், பிள்ளைகளின் பாடசாலை மூடவேண்டி வராது. மற்ற நாளில் அதே மண்டபமும் சமையலறையும் கல்யாண வீட்டுக்கு வாடகைக்குப் போகும். அந்த வாடகைதான் ஓடு மாற்றவும் வெள்ளையடிக்கவும் காசு. கூரைத் தண்ணீரையும் விடக்கூடாது. எங்கள் பக்கம் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் அளவில் மழை என்று வைத்தால், 3,000 சதுர அடிக் கூரையில் சிந்தியது சிதறியது போக இரண்டரை இலட்சம் லீற்றருக்கு மேல் பிடிக்கலாம். மாசி தொடங்கி ஆவணி வரை தோட்டத்துக்கும் மலசலகூடத்துக்கும் அது பெரிய உதவி.

நாலாவது யோசனை அந்தக் கூட்டுறவுக் கட்டடத்தையே திருத்துவது. கூட்டத்தில் இதை அதிகம் பேர் கணக்கெடுக்கவில்லை. கூரை இல்லை, சுவரில் துளைகள், ஒரு மூலையில் அரசமரம் வேர் விட்டிருக்கிறது, அது இடிக்கவேண்டியது என்றார்கள். நான் சுத்தியலால் தட்டிப் பார்த்தவன். அந்த மூலையைத் தவிர மற்றச் சுவர்கள் உறுதியாக இருக்கின்றன, அந்தக் காலத்துத் தடிப்பு. கொழும்புக் கோட்டையில் டச்சு ஆஸ்பத்திரியை 2011இல் திருத்தித் திறந்தார்களே, பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம் அது. இன்றைக்கும் அந்த முற்றத்திலும் விறாந்தையிலும் சனம் நெருக்கியடிக்கிறது. அது கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும், எங்களுக்கு வேண்டியது வேறு. ஆனாலும் தடித்த சுவரும் விறாந்தையும் எந்தக் காலத்துக்கும் பாவிக்கலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நூலகத்தை முதலில் இங்கே தொடங்கலாம் என்பது என் எண்ணம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எல்லோரும் அந்த வெள்ளைக் கட்டடமாகத்தான் நினைக்கிறோம். அது திறந்தது 1959இல். அதற்கு 25 வருடம் முன்பே, 1934இல், ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் தொடங்கிவிட்டது. அதற்கும் முந்தியது க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டிலேயே தொடங்கிய முயற்சி. வாசிக்கிற சனம் முதலில் வந்தது, கட்டடம் பிறகு வந்தது. 1981இல் அது எரிந்தபோது ஒரு தலைமுறையே அழுதது, அந்த அறையில் இருந்து வளர்ந்த பழக்கத்தால்தான்.

கூட்டுறவுக் கட்டடத்தில் உள்ள சிக்கல் காணிதான். அது சங்கத்தின் சொத்து, பிரதேச சபையுடையது இல்லை. நீண்டகாலக் குத்தகைக்கு எழுத்தில் எடுக்காமல் ஒரு ஓடுகூடப் போடக்கூடாது. வாய்ப்பேச்சை நம்பித் திருத்திக் கொடுத்துவிட்டு, பிறகு வெளியேறச் சொன்ன கதைகள் எனக்குத் தெரியும்.

ஆகவே என் தெரிவு மூன்றும் நாலும் சேர்ந்தது. முதலில் குத்தகை எழுதி, பழைய சுவருக்குக் கூரை போட்டு நூலகம். அதே காலத்தில் சந்தைக் காணியில் தாழ்வாரமும் மலசலகூடமும் பஸ் தரிப்பிடமும். அடுத்த கட்டம் கிளினிக்கும் உப அலுவலகமும். மண்டபம் கடைசி. இடையில் காசு நின்றாலும் கட்டி முடித்தது பாவனையில் இருக்கும். இப்படிக் கட்டம் கட்டமாக வளர்ந்த கட்டடத்தைக் கொழும்பிலேயே பார்க்கலாம். பாகத்தல வீதியில் 33ஆம் ஒழுங்கையில் பாவாவின் வீடு இருக்கிறது. வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளில் ஒன்றை 1958இல் எடுத்து, பிறகு வந்த வருடங்களில் மற்றவற்றையும் சேர்த்து, இடையிடையே முற்றம் திறந்து ஒன்றாக்கியது. எங்கள் ஊர்ச் சங்கத்துப் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போக விரும்புகிறேன். அது வசதியானவர் வீடு என்றாலும், ஒரு சாண் வானத்தில் இருந்து எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும் என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இளம் ஆட்கள் கேட்ட உயரத்தையும் நான் மறக்கவில்லை. தண்ணீர்த் தாங்கி எப்படியும் உயரத்தில் வரவேண்டும். அதை வாசலில் ஒரு கோபுரமாக, மணிக்கூட்டோடு கட்டலாம். குளக்கட்டில் நின்றாலே தெரியும்.

கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா 1950களில் கண்டி வட்டாப்புளுவவில் வீட்டுத் திட்டம் வடிவமைத்தபோது, குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுத்தான் வரைந்தார். நாங்களும் இரண்டு பக்கக் கேள்வித்தாள் ஒன்று தயாரித்திருக்கிறோம். சந்தைப் பெண்கள், பஸ் ஓட்டுநர்கள், குடும்பநல உத்தியோகத்தர், பாடசாலைப் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஆகியோரிடம் முதலில் போகும். கொழும்பில் இருக்கும் நாங்கள் கடைசியாக நிரப்புவோம். நூலகருக்கு ஆளணி கேட்டுப் பிரதேச சபைக்கு எழுதும் கடிதமும் தயார், அது அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே போகவேண்டும்.

அடுத்த கூட்டம் வருகிற ஞாயிறு. ஒன்றுதான் இன்னும் தீராமல் இருக்கிறது. சந்தைக் காணியின் நடுவில் பெரிய மருதமரம் நிற்கிறது. வாகனம் நிறுத்த இடம் வேண்டும், வெட்டலாம் என்று மூன்று பேர் சொன்னார்கள். சந்தை நாளில் அந்த நிழலில்தான் கிழவர்கள் இருந்து கதைப்பார்கள், ஐஸ்கிறீம் வண்டியும் அங்கேதான் நிற்கும். நான் முற்றத்தை ஆறு அடி மேற்கே தள்ளி, மரம் நடுவில் வரும்படி வேறு ஒரு தாளில் வரைந்திருக்கிறேன். வாகனம் பின்பக்க ஒழுங்கையால் வரலாம், 14 அடி அகலம் இருக்கிறது, அளந்துவிட்டேன்.